நாகை – காங்கேசன்துறை கப்பல் ஏன் நின்று நின்று ஓடுகிறது? ஆயிரம் ஆண்டு துறைமுகம் சொல்லும் பதில்

2023 அக்டோபர் 14. நாகப்பட்டினம் துறைமுகத்தில் இருந்து ‘செரியபாணி’ என்ற கப்பல், இலங்கையின் வடக்கு முனையில் இருக்கும் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. பிரதமர் மோடி காணொலி மூலம் தொடங்கிவைத்தார். உள்நாட்டுப் போரின்போது ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் நின்றுபோனதற்குப் பிறகு, சுமார் 40 ஆண்டுகள் கழித்து வட இலங்கைக்கு ஒரு பயணிகள் கப்பல். சமூக வலைதளங்களில் ஒரே கொண்டாட்டம்.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கப்பல் நின்றுவிட்டது. வடகிழக்குப் பருவமழை வருகிறது, கடல் சரியில்லை என்றார்கள்.

அடுத்து ‘சிவகங்கை’ என்ற தனியார் கப்பல். 2024 மே மாதம் ஓடும் என்றார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய், ஆகஸ்ட் 16-ல்தான் கிளம்பியது. பயணிகள் போதாமல் வாரத்தில் ஓடும் நாட்களைக் குறைத்தார்கள். நவம்பரில் வானிலை காரணமாக மறுபடி நிறுத்தம். 2025 பிப்ரவரி 22-ல் மறுபடி தொடக்கம்.

“என்னங்க இது, ஒரு கப்பலை ஒழுங்கா ஓட்ட முடியாதா?” என்று கேட்கத் தோன்றும். வானிலை, அனுமதி, டிக்கெட் விலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. எல்லாமே உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்கான பெரிய பதில், நாகப்பட்டினம் எந்த இடத்தில் இருக்கிறது, இந்த ஊர் எப்படித் துறைமுகமானது, பிறகு எப்படிச் சுருங்கியது என்பதில்தான் இருக்கிறது.

மேப்பைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்கள்

தமிழகக் கடற்கரையை உங்கள் போனில் வடக்கில் இருந்து தெற்காகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். கடலூர், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கிட்டத்தட்ட ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான கரை. பெரிய வளைகுடா இல்லை, கடலுக்குள் நீளும் பாறை முனை இல்லை. வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை வந்ததும் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. மடித்த முழங்கைபோல இருக்கும். அந்த முழங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பாக் நீரிணை. முழங்கைக்கு உள்ளே, தென்மேற்கில், பாக் விரிகுடா. அங்கே ஆழமும் குறைவு, அலையும் குறைவு.

நாகப்பட்டினம் முழங்கைக்கு வெளியே இருக்கிறது. நேராக வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி. அக்டோபரில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால், அதைத் தடுக்க நடுவில் எதுவுமே கிடையாது. வருடத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் – டிசம்பரில்தான் இங்கே கொட்டும். புயலும் அப்போதுதான். 1952 நவம்பர், 1977 நவம்பர், 2018 நவம்பரில் கஜா என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வயதையே புயலை வைத்துக் கணக்குச் சொல்வார்கள்.

சரி, துறைமுகம் எங்கே இருக்கிறது? ஊரின் தெற்குப் பக்கம், கடுவையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில். காவிரிப் பாசனத்தின் கடைசிக் கிளைகளில் இதுவும் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவக் கிராமத்துக்குப் பெயரே அக்கரைப்பேட்டை. பயணிகள் கப்பல், விசைப்படகுகள், ஃபைபர் படகுகள் எல்லாவற்றுக்கும் இந்த முகத்துவாரம்தான் வாசல்.

இந்த வாசலுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. மணல் அடைத்துக்கொள்ளும். சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை வருடத்தின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எங்கே ஆற்று வாய் திறந்திருக்கிறதோ அங்கே மணல் வந்து உட்காரும். அதை அடித்துத் தள்ள ஒன்று ஆற்றில் வெள்ளம் வேகமாக வர வேண்டும், இல்லையென்றால் கடலில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் இங்கே பலவீனம். ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆற்றுத் தண்ணீரோ மேட்டூரில் கிளம்பி, கல்லணையில் பிரிந்து, நூற்றுக்கணக்கான வாய்க்கால்களில் வயலுக்குப் போய், மிச்சம் இருந்தால்தான் இங்கே வரும். அதனால்தான் செரியபாணிக்கு முன்னால் துறைமுகத்தைத் தூர்வார வேண்டியிருந்தது. ஒருமுறை தூர்வாரினால் முடிந்துவிடும் வேலையும் இல்லை அது.

ஆக, இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல இங்கே எதுவுமே இல்லை. பெரிய கப்பல்கள் எல்லாக் காலத்திலும் கரையில் இருந்து தள்ளி, திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து தோணிகள்தான் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன.

அப்புறம் எப்படி உலகப் புகழ்?

விஷயம் சுவாரஸ்யமாவது இங்கேதான். இவ்வளவு மோசமான வாசலை வைத்துக்கொண்டு, நாகப்பட்டினம் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வங்காள விரிகுடாவின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது.

இன்றைய இந்தோனேசியா, மலேசியப் பகுதிகளை ஆண்டது ஸ்ரீவிஜயப் பேரரசு. அதன் மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரில் நாகையில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினார். அதுதான் சூடாமணி விகாரை. சைவரான ராஜராஜ சோழன், தன் 21-ம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், பக்கத்தில் உள்ள ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரைக்குக் கொடுத்தார். மகன் ராஜேந்திரன் காலத்தில் அதைச் செப்பேடாக வெட்டினார்கள். மொத்தம் 21 ஏடுகள். பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், அவற்றின் பெயரே ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றாகிவிட்டது.

அந்தச் செப்பேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனைமங்கலத்தில் இருந்து விகாரைக்குப் போக வேண்டிய நெல், 8,943 கலத்துக்கும் சற்று அதிகம். கலத்துக்குக் கீழே தூணி, குறுணி, நாழி வரை பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த எண்தான் நாகப்பட்டினத்தின் ரகசியம் என்று நினைக்கிறேன். கடல் கடந்த ஒரு ராஜாவின் விகாரைக்கு, காவிரித் தண்ணீரில் விளைந்த நெல் சாப்பாடு போட்டிருக்கிறது. கப்பல்கள் இங்கே வந்தது துறைமுகம் நன்றாக இருந்ததற்காக இல்லை. கரைக்குப் பின்னால் இருந்த நாட்டுக்காக. நெல்லும் துணியும், வாங்கும் சக்தி உள்ள ஒரு தலைநகரும் அங்கே இருந்தன. தோணியில் ஏறி இறங்கும் தொல்லையை வியாபாரிகள் அதற்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, அன்றைய மாலுமிகள் காற்றோடு சண்டை போடவில்லை. பாய்மரக் கப்பல் பருவக்காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும். ஒரு காற்றில் வந்து, அடுத்த காற்று திரும்பும் வரை ஊரில் தங்கிக் காத்திருந்து, பிறகு போகும். வருடம் முழுக்க தினசரி சேவை என்ற எண்ணமே அன்று கிடையாது. அப்படிக் காத்திருந்தவர்கள் கும்பிடத்தான் விகாரையும் மற்றக் கோயில்களும்.

நட்பு நிலைக்கவில்லை என்பது தனிக்கதை. 1025-ல் ராஜேந்திரனின் கடற்படை அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. ‘கடாரம் கொண்டான்’ பட்டம் அப்போது வந்ததுதான். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், போருக்குப் பிறகும் விகாரைக்கான கொடை தொடர்ந்தது. 1090-ல் குலோத்துங்கன் அதை உறுதிப்படுத்திய சின்ன லெய்டன் செப்பேடும் இருக்கிறது. அரசர்கள் சண்டை போட்டாலும் வியாபாரம் நிற்கக் கூடாது என்று யாரோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீனத் தொடர்பும் உண்டு. ஊருக்கு வடக்கே செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்று நின்றது. ஐரோப்பிய மாலுமிகள் அதை ‘சீனக் கோபுரம்’ என்றார்கள், கரையை அடையாளம் காண அதைத்தான் பார்ப்பார்கள். பாழடைந்திருந்த அந்தக் கோபுரத்தை 1867-ல் அரசு அனுமதியோடு இடித்துவிட்டார்கள். நாகையின் வெளிப்பாளையம் உள்ளிட்ட இடங்களில் 1856-ல் தொடங்கி 1930கள் வரை 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் இருந்து கிடைத்தன. அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். நாகைக்குப் போனால் பார்க்க விகாரையின் கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. ஊருக்குள் ஒரு நல்ல பெயர்ப் பலகையாவது வைக்கலாம்.

டச்சுக்காரர்கள், நாகூர் ஆண்டவர்

போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். 1690-ல் பழவேற்காட்டில் இருந்த சோழமண்டலத் தலைமையகத்தையே நாகைக்கு மாற்றினார்கள். 1781-ல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே இந்த ஊருக்கு எதிரே கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதின. கொடிகள் மாறின, ஆனால் தோணியில் போய்க் கப்பல் ஏறுவது மாறவில்லை.

கடலோடிகளின் நம்பிக்கை பக்கத்து நாகூரில் குடியிருந்தது. 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஞானி ஷாகுல் ஹமீதின் அடக்கத்தலம்தான் நாகூர் தர்கா. அதன் உயரமான மினாராவைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். இங்கிருந்து கடல் தாண்டிய மரைக்காயர் வணிகர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரிலேயே நினைவிடங்கள் எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 – 1830-ல் கட்டப்பட்டது இன்று அந்நாட்டின் தேசியச் சின்னம். நாகையில் இருந்து கப்பல் எங்கெங்கே போனது என்று தெரிய இதுவே போதும்.

தலைநகர் என்ற பெருமை, ரயில் என்ற திருப்பம்

1799-ல் தஞ்சாவூர் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் எது தெரியுமா? தஞ்சாவூர் இல்லை, நாகப்பட்டினம். 1845 வரை அப்படித்தான். பிறகு தரங்கம்பாடி, அதன் பிறகுதான் தஞ்சாவூர். கடலோரத்தில் இருந்த அதிகாரம் மெல்ல உள்நாட்டுக்கு நகர்ந்தது.

1861-62-ல் தெற்கின் ஆரம்பகால ரயில் பாதைகளில் ஒன்று போடப்பட்டது. நாகப்பட்டினத்தில் தொடங்கி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. ஏன் நாகையில் தொடங்கினார்கள்? டெல்டா நெல்லைக் கப்பலேற்ற. இலங்கையின் தேயிலை, காபித் தோட்டங்களில் வேலை செய்த லட்சக்கணக்கான தமிழர்களுக்கு அரிசி வேண்டியிருந்தது.

நெல்லோடு ஆட்களும் போனார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய முக்கியத் துறைமுகம் இதுதான். கங்காணி ஊருக்கு வந்து பெயர் எழுதுவார், நாகை முகாமில் தங்கவைப்பார்கள், பிறகு பினாங்குக்குக் கப்பல். டெல்டாவின் நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்குக் கடல் ஒரு தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. இது சும்மா சொல்வதில்லை. நெல் விளைந்த அதே மண்ணில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இன்றைய நாகை மாவட்டத்தில்தான் அந்த ஊர். டெல்டாவின் வளம் யாருக்குப் போனது என்று தெரியாமல் இந்தத் துறைமுகத்தின் கதையைச் சொல்ல முடியாது.

1926-ல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பலை இன்றும் நாகை, காரைக்கால் குடும்பங்களில் தாத்தா பாட்டிகள் பேசுவார்கள். சென்னை – நாகை – பினாங்கு – சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985-ல் தீ விபத்து. அதோடு அந்தச் சேவைக்கு முற்றுப்புள்ளி. அதற்குள் மலேசியாவுக்கு விமானத்தில் போவதும் சாதாரணமாகிவிட்டது.

ஆனால் நாகையின் சரிவு அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிட்டது. நாகைக்கு வாழ்வு தரும் என்று நினைத்த ரயில்தான் அதைச் சுருக்கியது என்பது கொஞ்சம் கொடுமை. 1880-க்குள் மெட்ராஸில் இருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாகத் தூத்துக்குடி வரை ரயில் பாதை வந்துவிட்டது. நெல்லை நாகைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போனது. 1914-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் இணைப்பு வந்ததும் இலங்கைப் பயணிகளும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஊருக்கு வேலை கொடுத்த ரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்கு மாறியது. அந்தப் பணிமனை இங்கேயே இருந்திருந்தால் நாகை இன்று வேறு ஊராக இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பத்து நிமிட தூரத்தில் இன்னொரு துறைமுகம்

இப்போது இன்றைய நிலவரத்துக்கு வருவோம். நாகூரில் இருந்து வெட்டாற்றைத் தாண்டினால் கீழவாஞ்சூர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டம். 2009 முதல் அங்கே ஒரு தனியார் துறைமுகம் இயங்குகிறது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள், ஆழமான கால்வாய், எல்லாப் பருவத்திலும் பெரிய கப்பல் வரும் வசதி. 2023-ல் அதை அதானி குழுமம் வாங்கியது. நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குகள் அங்கே இறங்குகின்றன.

அதாவது, இயற்கை தராத துறைமுகத்தைப் பணம் போட்டுக் கட்ட முடியும் என்று பக்கத்து ஊரிலேயே நிரூபித்துவிட்டார்கள். அதனாலேயே நாகை துறைமுகத்துக்கு அதே மாதிரி முதலீடு வருவது கஷ்டம். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆழ்கடல் துறைமுகம் யார் கட்டுவார்கள்?

நாகைக்கு வந்த பெரிய முதலீடு வேறு வகை. பனங்குடியில் 1993-ல் தொடங்கிய சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. அதை ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுக்கு உயர்த்த ரூ.31,580 கோடி திட்டம், 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கு ஒரு வருடம் முன்புதான், 2020-ல், தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டிருந்தது. நாகையும் அதில் உண்டு. ஏற்கெனவே இருந்த திட்டங்களைச் சட்டம் தொடவில்லை என்பதால் ஆலை தொடர்கிறது. நிலம் கொடுத்தவர்கள், அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கடலுக்குள் போன எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, மீனவர்கள் அந்தக் குழாயையே அகற்றச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள்.

நெல்லா, எண்ணெயா, மீனா என்ற கேள்வி ஒரே ஊரின் மூன்று பக்கத்தில் இருந்தும் கேட்கப்படுகிறது.

கடைமடை என்றால் என்ன?

சென்னையில், பெங்களூரில் இருந்து படிப்பவர்களுக்காக: காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்களைத்தான் கடைமடை என்பார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். தண்ணீர் தஞ்சாவூரை, திருவாரூரைத் தாண்டி நாகை வயலுக்கு வர நாளாகும். மேட்டூரில் தண்ணீர் குறைவு என்றால் முதலில் காய்வது கடைமடை. மழை அதிகம் என்றால் மேலிருந்து வரும் வெள்ளம் முழுக்க வடிய வேண்டியதும் இந்த வழியாகத்தான். கடலும் கொந்தளித்தால் வடியாது, சம்பா பயிர் முழுகும். வறட்சியிலும் கடைசி, வெள்ளத்திலும் கடைசி.

ஆற்றோடு வரும் வண்டலும் அணைகளில் தங்கிவிடுகிறது. முன்பு வண்டலால் வளர்ந்த கரைக்கு இன்று புதிய மண் குறைவு, நிலத்தடியில் உப்புநீர் உள்ளே வருகிறது. 1990களில் கடலோரம் பெருகிய இறால் பண்ணைகள் அதை இன்னும் மோசமாக்கின. காந்தியவாதி ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. தமிழகத்தில் சுனாமியால் இறந்தவர்களில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தினர், 6,000 பேருக்கு மேல். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் சிதைந்துபோயின. இயற்கையான தடுப்பு எதுவும் இல்லாத நேரான, தாழ்வான கரை என்பதன் பொருளை அன்று காலையில் ஊர் புரிந்துகொண்டது. மேப்பில் அந்தக் கோடு எவ்வளவு நேர்த்தியாகத் தெரிகிறதோ, அவ்வளவு ஆபத்து.

நிர்வாக வரைபடமும் சுருங்கியது. 1991-ல் பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்து பிரிந்து நாகை மாவட்டம் உருவானது. 1997-ல் அதில் இருந்து திருவாரூர் போனது. 2020-ல் மயிலாடுதுறை. ஒருகாலத்தில் தஞ்சை நாட்டுக்கே தலைநகராக இருந்த ஊருக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரு குட்டி மாவட்டம்.

சரி, கப்பல் ஓடுமா?

கணக்கைப் பார்ப்போம். நாகை – காங்கேசன்துறை தூரம் சுமார் 60 கடல் மைல், 110 கிலோமீட்டர். பயண நேரம் சுமார் நான்கு மணி நேரம். கப்பலில் இடம் 150 பேருக்கு. 2023-ல் டிக்கெட் வரியோடு ரூ.7,670. சிவகங்கை வந்தபோது அடிப்படைக் கட்டணம் சுமார் ரூ.5,000-க்கு இறங்கியது. இலங்கைப் பக்கத் துறைமுகச் செலவுக்காக இந்திய அரசு மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் உதவித்தொகை அறிவித்தது. காங்கேசன்துறையைச் சீரமைக்க 6.15 கோடி டாலர் மானியமும் தருகிறது.

போட்டி எங்கே? 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கியது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். சென்னையில் இருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸிலோ ரயிலிலோ நாகை வந்து, காலையில் கப்பல் ஏறி, நான்கு மணி நேரம் அலையில் ஆடி இறங்க யார் தயாராக இருப்பார்கள்? கூடுதல் மூட்டை எடுத்துப்போகிறவர்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும் இலங்கை யாத்ரீகர்கள். துணி வாங்க வரும் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள். யாழ்ப்பாணத்தில் உறவு இருந்தும் இதுவரை போகாத டெல்டாக் குடும்பங்கள். கூட்டம் இருக்கிறது, ஆனால் அது தினமும் 150 இருக்கைகளை நிரப்புகிற கூட்டமா என்பதில்தான் சந்தேகம். ஓடும் நாட்களைக் குறைத்ததே அதற்கு ஒரு பதில்.

என் கருத்தில், இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, இதை வருடம் முழுக்க ஓடும் சேவையாக விளம்பரப்படுத்துவது. வாடைக் காலத்தில் ஓடாது என்பது சோழர் காலத்து மாலுமிக்கே தெரிந்த விஷயம். “பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை உறுதியாக ஓடும், இடையில் கிடையாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மக்கள் திட்டமிடுவார்கள். தேதி போட்டு, தள்ளிப்போட்டு, நிறுத்தி, மறுபடி தொடங்குவதால்தான் நம்பிக்கை போகிறது. பாஸ்போர்ட், டிக்கெட், லீவு எல்லாம் எடுத்துவைத்தவருக்குக் கடைசி நாளில் “கப்பல் இல்லை” என்றால் அடுத்த முறை அவர் திருச்சி ஏர்போர்ட்டுக்குத்தான் போவார்.

இரண்டாவது, பயணிகளை மட்டுமே நம்புவது. நாகை எந்தக் காலத்திலும் பயணிகளால் மட்டும் வாழ்ந்த துறைமுகம் இல்லை. பின்னால் இருந்த டெல்டாவின் சரக்குதான் கப்பலை வரவழைத்தது. இன்று நாகை வயலில் விளையும் நெல்லின் பெரும்பகுதி அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப டெல்டாவிடம் என்ன இருக்கிறது, அங்கிருந்து வாங்க என்ன இருக்கிறது, சிறு வணிகர்கள் சிறிய அளவில் சரக்கு அனுப்ப சுங்க விதிகள் எளிதாகுமா? கப்பலின் பெயரையும் தேதியையும் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது கப்பல் நிறுவனத்தின் கையில் இல்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை கைது செய்யும் நாகை, காரைக்கால் மீனவர்களில் பலரைக் கொண்டுபோவது இதே காங்கேசன்துறைக்குத்தான். அவர்களின் படகுகள் அதற்குப் பக்கத்தில் மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கின்றன. இழுவைமடி விசைப்படகுகள் தங்கள் வலையையும் கடலையும் அழிப்பதாக வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஒரே மொழி பேசும் இரண்டு கரைக்கு நடுவில், ஒரே பாதையில், டிக்கெட் வாங்கியவர் விருந்தாளியாகவும் வலை எடுத்தவர் கைதியாகவும் போய்ச் சேர்கிறார்கள்.

கப்பல் நிற்கும் நாட்களிலும் கடுவையாற்று முகத்துவாரம் சும்மா இருப்பதில்லை. அக்கரைப்பேட்டை விசைப்படகுகள் மணல் திட்டு எங்கே மேடேறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வெளியே போகின்றன. முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு மீனவர்கள் மனுக் கொடுப்பது, இந்தக் கப்பல் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.